அடுப்படி இல்லாத வீடு

ஜெர்மனியில் வாடகைக்கு வரும் பல வீடுகளில் சமையலறை என்று ஓர் அறை மட்டும்தான் இருக்கும். உள்ளே போய்ப் பார்த்தால் நான்கு சுவர், ஒரு தண்ணீர்க் குழாய், கழிவுநீர் போக ஒரு துவாரம், அடுப்புக்கான மின்கம்பி வந்து நிற்கும் ஒரு சதுரப் பெட்டி. தொட்டி கிடையாது, மேடை கிடையாது, அலமாரி கிடையாது, அடுப்பும் கிடையாது. முன்பு குடியிருந்தவர் தன் சமையலறையைக் கழற்றி வண்டியில் ஏற்றிக்கொண்டு போயிருப்பார். மற்ற அறைகளில் விளக்கு தொங்க வேண்டிய இடத்தில் கூரையிலிருந்து மூன்று கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும்.

ஃபிராங்க்ஃபுர்ட் நகரில் எனக்கு வேலை கிடைத்து நானும் கணவரும் அங்கே போய் இறங்கியபோது இதைக் கேள்விப்பட்டிருந்தோம். ஆனாலும் பொக்கன்ஹைம் பகுதியில் முதல்முதலாக ஒரு வீட்டைப் பார்க்கப் போய் அந்த வெற்றுச் சுவருக்கு முன்னால் நின்றபோது நெஞ்சு ஒருமாதிரி ஆகிவிட்டது. அலமாரிகள் மாட்டியிருந்த இடம் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. சுற்றிலும் புகை படிந்து மங்கியிருந்தது. யாரோ பல ஆண்டுகள் அங்கே நின்று சமைத்திருக்கிறார்கள். சென்னையில் எத்தனையோ வாடகை வீடுகளில் இருந்தவள் நான். எவ்வளவு மோசமான வீடாக இருந்தாலும் ஒரு கடப்பா மேடையும் பாத்திரம் கழுவத் தொட்டியும் இருக்கும். பால் காய்ச்சிவிட்டுத்தானே குடியே போகிறோம்?

இதற்கான காரணம் பிறகு விளங்கியது. வீட்டோடு சேர்த்து உரிமையாளர் எதைக் கொடுத்தாலும் அதை நல்ல நிலையில் வைத்திருப்பது அவர் பொறுப்பு என்கிறது ஜெர்மானியச் சட்டம். அடுப்பைக் கொடுத்தால் அடுப்பு கெடும்போது அவர்தான் சரிசெய்ய வேண்டும். அதனால் பலர் கொடுப்பதில்லை. இன்னொரு பக்கம், குடியிருப்பவரும் ஒரு வீட்டுக்குப் போனால் பத்து, இருபது ஆண்டு என்று அங்கேயே தங்கிவிடுகிறார். அவருக்குப் பிடித்த மரம், பிடித்த நிறம், பிடித்த அடுப்பு என்று சமையலறையை அவரே அமைத்துக்கொள்கிறார். ஜெர்மனியில் பாதிக்கு மேற்பட்டவர்கள் வாடகை வீட்டில்தான் வாழ்கிறார்கள். பெரிய நகரங்களில் அந்தப் பங்கு இன்னும் அதிகம். மருத்துவரும் பேராசிரியரும் ஓய்வுபெறும்வரை வாடகை வீட்டில் இருந்துவிட்டு, ஓய்வுக்குப் பிறகும் அதே வீட்டில் இருப்பது அங்கே சாதாரணம். சொந்த வீடு இல்லாதவனுக்குப் பெண் கொடுக்கத் தயங்கும் ஊரிலிருந்து போன எனக்கு இதைப் புரிந்துகொள்ளவே நாள் பிடித்தது.

ஆனால் வாடகைச் சட்டம் தரும் பாதுகாப்பெல்லாம் வீட்டுக்குள் போனபின்தான். வாசலைத் தாண்டுவது பெரும்பாடு.

முதலில் ஒருவர் ஊருக்குப் போயிருந்த இடைவெளியில் அவருடைய அறையில் தங்கினோம். அங்கே இருப்பதாக அரசிடம் பதிவுசெய்ய முடியாது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். ஜெர்மனியில் ஒரு வீட்டுக்குக் குடிபோனால் இரண்டு வாரத்துக்குள் நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். அன்மெல்டுங் என்பார்கள். அதற்கு வீடு கொடுத்தவர் கையெழுத்திட்ட ஒரு தாள் கட்டாயம். பதிவு இருந்தால்தான் வரி எண் தபாலில் வரும். வங்கிக் கணக்கு, கைபேசி ஒப்பந்தம் என ஒவ்வொன்றுக்கும் அந்தப் பதிவுத் தாளைத்தான் கேட்பார்கள். வீடு தருபவரோ வங்கிக் கணக்கு, மூன்று மாதச் சம்பளச் சீட்டு, ஷூஃபா அறிக்கை மூன்றையும் கேட்பார். ஷூஃபா என்பது ஒருவர் கடனை ஒழுங்காகக் கட்டுகிறாரா என்று கணக்கு வைத்திருக்கும் நிறுவனம். 1927 முதல் இருக்கிறது. நேற்று வந்து இறங்கியவரைப் பற்றி அதனிடம் ஒரு வரியும் இருக்காது. நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. வீட்டுக்கு விண்ணப்பிக்கும்போது அந்த வெறுமையைக் கெட்டதாகவே எடுத்துக்கொள்கிறார்கள்.

மாலை ஐந்து மணிக்கு வீட்டைக் காட்டுகிறோம் என்று விளம்பரத்தில் இருக்கும். போனால் மாடிப்படி முழுக்க ஆட்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு கோப்பு. கைக்குழந்தையோடு ஒரு பெண், வேலை ஒப்பந்தத்தை நெஞ்சோடு அணைத்தபடி ஒரு மாணவர், வயதான தம்பதி. ஐந்தைந்து பேராக உள்ளே விடுவார்கள். சன்னல் எந்தத் திசை, வெந்நீர் எப்படி வருகிறது என்று பார்ப்பதற்குள் அடுத்த ஐவர் வந்துவிடுவார்கள். கோப்பைக் கொடுத்துவிட்டு வரவேண்டியதுதான். பெரும்பாலும் பதிலே வராது. போர்ன்ஹைம், காலுஸ், ரோடல்ஹைம் என்று ஃபிராங்க்ஃபுர்ட்டின் பகுதிகளை நான் அறிந்துகொண்டது இப்படி மாடிப்படிகளில் நின்றுதான்.

ஒரு வீட்டுக்காரர் தொலைபேசியில் என் பெயரைக் கேட்டார். எழுத்தெழுத்தாகச் சொன்னேன். எந்த நாடு என்றார். பிறகு, "தினமும் மசாலா போட்டுச் சமைப்பீர்களா?" என்று கேட்டார். சமைப்பேன் என்றேன். வீடு ஏற்கெனவே முடிந்துவிட்டது என்றார். அந்த விளம்பரம் மறுவாரமும் அப்படியே இருந்தது. 2017இல் பவேரிய வானொலியும் டெர் ஷ்பீகல் இதழும் சேர்ந்து ஓர் ஆய்வு நடத்தின. ஒரே மாதிரி விவரங்களை எழுதி, பெயரை மட்டும் மாற்றிச் சுமார் 20,000 விண்ணப்பங்களைப் பத்து நகரங்களுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். அரபு, துருக்கிப் பெயர்களுக்கு வீடு பார்க்க அழைப்பு வருவது தெளிவாகவே குறைந்தது. பிறப்பையும் இனத்தையும் காட்டி வீடு மறுக்கக் கூடாது என்று 2006 முதல் அங்கே சட்டம் இருக்கிறது. சட்டம் இருந்தும் அந்தத் தொலைபேசி உரையாடல் நடந்தது. சென்னையில் சாதியையும் மதத்தையும் சாப்பாட்டையும் கேட்டு வீடு மறுக்கப்பட்ட நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்களுடைய மனம் அன்று எப்படி இருந்திருக்கும் என்பது எனக்கு ஃபிராங்க்ஃபுர்ட்டில்தான் முழுமையாகப் புரிந்தது.

புதிதாக வருபவர்களுக்காக ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். படங்கள் அழகாக இருக்கும், வாடகை நம்ப முடியாத அளவு குறைவாக இருக்கும், உரிமையாளர் வெளிநாட்டில் இருப்பதாகச் சொல்வார், முன்பணத்தை அனுப்பினால் சாவியைத் தபாலில் அனுப்புவதாக எழுதுவார். அது மோசடி. வீட்டைக் கண்ணால் பார்த்து, ஒப்பந்தத்தில் கையெழுத்தாகாமல் ஒரு யூரோகூட அனுப்பாதீர்கள்.

எங்களுக்கு வீடு கிடைத்தது ஹெடர்ன்ஹைமில். நகரின் வடமேற்கே நிட்டா ஆற்றங்கரையை ஒட்டிய பகுதி அது. அலுவலகத்தில் என்னோடு வேலை பார்த்த ஒரு பெண்ணின் அத்தை அந்தக் கட்டடத்தில் இருந்தார். கீழ்வீட்டுக்காரர்கள் காலிசெய்யப் போவதை விளம்பரம் வருமுன்னே சொன்னார். உரிமையாளர் எழுபதைத் தாண்டிய பெண்மணி. எங்கள் கோப்பைப் புரட்டிவிட்டு ஒப்பந்தத்தை நீட்டினார். இரண்டு அறை, ஐம்பது சதுர மீட்டருக்குச் சற்று அதிகம், சமையலறை காலி. ஒப்பந்தம் மொத்தமாகப் பதினைந்து பக்கங்களுக்கு மேல். அலுவலகத் தோழி பக்கத்தில் உட்கார்ந்து வரிவரியாக விளக்கினாள்.

என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது அந்த ஒப்பந்தம்தான். அதில் முடிவுத் தேதி இல்லை. நான் விடும்வரை அது என் வீடு. நான் போக நினைத்தால் மூன்று மாதம் முன்பு எழுத்தில் சொல்ல வேண்டும். உரிமையாளர் என்னை அனுப்ப வேண்டுமானால் சட்டம் ஏற்கும் காரணம் வேண்டும்: தனக்கோ தன் குடும்பத்தாருக்கோ குடியிருக்கத் தேவைப்படுவது போன்ற காரணம். அப்போதும் மூன்று மாத அவகாசம் தர வேண்டும். நான் ஐந்து ஆண்டு இருந்துவிட்டால் ஆறு மாதம். எட்டு ஆண்டு இருந்துவிட்டால் ஒன்பது மாதம். நினைத்தபோது நினைத்த அளவு வாடகையை ஏற்றவும் முடியாது. மூன்று ஆண்டுகளில் 20 விழுக்காட்டுக்கு மேல் கூடாது. வீட்டுத் தட்டுப்பாடு உள்ள இடங்களாக அறிவிக்கப்பட்ட நகரங்களில் 15 விழுக்காடு. ஃபிராங்க்ஃபுர்ட் அந்தப் பட்டியலில் இருந்தது.

முன்பணம் அதைவிட வியப்பு. கௌட்சியோன் என்கிறார்கள். வெப்பச் செலவு, தண்ணீர் போன்றவை சேராத அடிப்படை வாடகையில் மூன்று மாதத் தொகைதான் உச்சவரம்பு. அதையும் மூன்று தவணையாகக் கட்ட எனக்கு உரிமை உண்டு. வாங்கிய பணத்தை உரிமையாளர் தன் பணத்தோடு கலக்காமல் வங்கியில் தனியாகப் போட்டு வைக்க வேண்டும், வட்டி எனக்கு. இதை மீறி எதையாவது ஒப்பந்தத்தில் எழுதி நானே கையெழுத்துப் போட்டிருந்தாலும் அந்த வரி செல்லாது. தரகுக்கூலியும் அப்படியே. 2015 ஜூன் முதல் தரகரை அமர்த்தியவர்தான் அவருக்குப் பணம் தர வேண்டும்.

என் அப்பா தபால் துறையில் இருந்தவர். சைதாப்பேட்டை, மேற்கு மாம்பலம், மறுபடி சைதாப்பேட்டை என்று நாங்கள் வீடு மாறிக்கொண்டே இருந்தோம். பத்து மாத அட்வான்ஸ். அதைத் திரட்ட அம்மாவின் வளையல் அடகுக்கடைக்குப் போகும். ஒப்பந்தம் எப்போதும் பதினொரு மாதத்துக்குத்தான். ஓராண்டைத் தாண்டினால் பதிவு செய்ய வேண்டும் என்பது 1908ஆம் ஆண்டுச் சட்டம், அந்தச் செலவு யாருக்கும் வேண்டாம். பதினொன்றாம் மாதம் நெருங்கும்போது மாடியிலிருந்து வீட்டுக்காரர் இறங்கி வரும் செருப்புச் சத்தத்தில் அப்பாவின் முகம் மாறும். காலிசெய்யும்போது வெள்ளையடிக்க என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொண்டுதான் மீதியைத் தருவார்கள். இவற்றை நான் குறையாக நினைத்து வளரவில்லை. வாடகை வீடு என்றால் இப்படித்தான் என்று நினைத்து வளர்ந்தேன்.

வீட்டை ஒப்படைத்த அன்று உரிமையாளர் ஒரு படிவத்தோடு வந்தார். ஒவ்வோர் அறையாக நடந்தோம். தரையில் எங்கே கீறல், எந்தச் சன்னல் இறுக்கமாக மூடுகிறது, வெப்பமூட்டிகளின் மீட்டரில் என்ன எண், மின்சார மீட்டரில் என்ன எண், சாவிகள் எத்தனை என்று அனைத்தையும் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம். வெளியேறும்போது சண்டை வராமல் காப்பது அந்தத் தாள்தான். யாராவது அது இல்லாமல் சாவியை வாங்கிக்கொண்டு வந்தால் எனக்குப் பதறும்.

பிறகு அவர் கேட்டார், வாசல் மணியில் என்ன பெயர் போட வேண்டும் என்று. ஜெர்மனியில் பெரும்பாலான குடியிருப்புகளில் கதவெண் கிடையாது. தெருப்பெயர், கட்டட எண், அதற்கப்புறம் மணிப்பலகையிலும் தபால்பெட்டியிலும் இருக்கும் குடும்பப்பெயர்தான் முகவரி. பெயர் இல்லையென்றால் தபால்காரர் கடிதத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார். எங்களுக்கோ குடும்பப்பெயரே கிடையாது. என் கடவுச்சீட்டில் அப்பாவின் பெயர், கணவருடையதில் மாமனாரின் பெயர். இரண்டும் நீளம். சிறிய பட்டையில் இரண்டையும் நெருக்கி அச்சடித்து ஒட்டினார். இரண்டு தகப்பன்மார் பெயரும் ஃபிராங்க்ஃபுர்ட்டின் ஒரு தெருவில் ஒன்றாக நின்றன. கணவர் அதைப் படமெடுத்து ஊருக்கு அனுப்பினார். என் மாமனார் அதை அச்செடுத்துப் பூசையறையில் வைத்துவிட்டார்.

அடுத்தது சமையலறை. கடையில் விசாரித்தோம். தொட்டி, மேடை, அலமாரி, அடுப்பு, ஓவன், குளிர்பெட்டி, பொருத்துக்கூலி எல்லாம் சேர்ந்தால் முன்பணத்தைவிடப் பெரிய தொகை. மத்திய ரயில் நிலையத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் நம் ஊர் மளிகைக் கடைகள் உண்டு. அதில் ஒன்றை நடத்தியவர் யாழ்ப்பாணத்துக்காரர். எண்பதுகளில் அகதியாக வந்தவர். அண்ணா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். அரிசி மூட்டையைத் தூக்கிக் கொடுத்தபடி, "என்ன தங்கச்சி, வீடு கிடைச்சுட்டுதாம்?" என்றார். கிடைத்தது, சமையலறைதான் இல்லை என்றேன்.

"புதுசா வாங்காதேங்கோ. வீடு மாறுற ஆக்கள் பழைய குசினியை விக்கினம். அவையளுக்குப் புது வீட்டு அளவுக்கு அது பொருந்தாது. கழட்டிக்கொண்டு போனால் காணும் எண்டு அரைவிலைக்குக் கீழ தருவினம். வான் என்னட்டை இருக்கு."

"உங்களுக்கு எதுக்குண்ணா சிரமம்?"

"நாங்கள் வந்த காலத்தில ஒரு அறைக்குள்ள ஆறு பேர். ஒரு அடுப்பு. அந்த மாவட்டத்தை விட்டு வெளிய போறதெண்டால் கடுதாசி வேணும். எனக்கு முதல் வீடு கிடைக்கேக்க ஒரு ஜெர்மன்காரக் கிழவிதான் கதிரை, மேசை, சட்டி பானை எல்லாம் தந்தவ. நான் அவவுக்குத் திருப்பிக் குடுக்கேல்லை. இப்பிடித்தான் குடுக்கிறன்."

ஓஃபன்பாக்கில் ஓர் இளம் தம்பதியிடமிருந்து வாங்கினோம். வெளிர்மஞ்சள் கதவுகள், பீச் மரத்தாலான மேடை. ஜெர்மானிய அலமாரிகள் பெரும்பாலும் அறுபது சென்டிமீட்டர் அகலக் கணக்கில் செய்யப்படுபவை. அடுப்பும் பாத்திரம் கழுவும் இயந்திரமும் அதே அளவு. அதனால்தான் ஒரு வீட்டுச் சமையலறை இன்னொரு வீட்டில் போய் உட்கார முடிகிறது. அண்ணா கதவுகளைக் கழற்றுவதற்கு முன் எல்லாவற்றையும் படமெடுத்தார். ஒவ்வொரு அலமாரியின் திருகாணிகளையும் தனித்தனி உறையில் போட்டு, உறைமேல் எண் எழுதி, அந்த எண்ணை அலமாரிக்குள் சாக்குக்கட்டியால் எழுதினார். வீட்டுக்கு வந்தபின் மேடை எங்கள் சுவரைவிட நீளம் என்று தெரிந்தது. அவருடைய மச்சான் ஒருவர் தச்சு வேலை தெரிந்தவர். முற்றத்தில் வைத்து அறுத்து, வெட்டிய விளிம்பில் தண்ணீர் இறங்காமல் மெழுகுத் தைலம் தடவினார். அடுப்பை மட்டும் நாங்கள் தொடவில்லை. அங்கே மின்னடுப்புக்கு மும்முனை இணைப்பு. உரிமம் பெற்ற மின்பணியாளர்தான் வந்து பொருத்த வேண்டும்.

ஊரிலிருந்து கொண்டுபோன கிரைண்டர் வேலை செய்யுமா என்ற கவலை இருந்தது. இரு நாட்டிலும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான். பிளக்கை மட்டும் மாற்றினால் போதுமாக இருந்தது. ஆனால் அலுமினியக் குக்கர் இண்டக்‌ஷன் அடுப்பில் சூடேறாது, அடிப்பாகம் காந்தம் ஒட்டும் எஃகாக இருக்க வேண்டும் என்பதைப் போகிறவர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எங்களுடையது பழைய கண்ணாடி மேல்தள மின்னடுப்பு என்பதால் சமாளித்தது. அண்ணாவுக்கும் அவர் மச்சானுக்கும் பால் காய்ச்சித் தேநீர் கொடுத்தபோது அந்த வீட்டில் நாற்காலி ஒன்றுகூட இல்லை. தரையில் உட்கார்ந்து குடித்தோம்.

எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் ரோமர்ஷ்டாட் குடியிருப்பு இருந்தது. நிடா என்ற பழைய ரோமானிய ஊர் இருந்த இடத்துக்குப் பக்கம் என்பதால் அந்தப் பெயர். 1925 முதல் 1930வரை ஃபிராங்க்ஃபுர்ட் நகராட்சி எர்ன்ஸ்ட் மாய் என்ற கட்டடக்கலைஞரின் தலைமையில் உழைக்கும் மக்களுக்காகப் பல குடியிருப்புகளைக் கட்டியது. அவற்றில் ஒன்று இது. அங்கே ஒரு வீட்டை அன்றிருந்தபடியே மீட்டெடுத்துப் பார்வைக்கு வைத்திருக்கிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பொழுதைப் போக்கலாம் என்று போனேன். அதன் சமையலறைக்குள் நுழைந்தவள் வெகுநேரம் வெளியே வரவில்லை.

வியன்னாவில் பிறந்த மார்கரேட்டே ஷூட்டே லிஹோட்ஸ்கி 1926இல் வடிவமைத்தது அது. ஃபிராங்க்ஃபுர்ட் சமையலறை என்று உலகம் முழுக்கப் பெயர். ஏறத்தாழ 1.9 மீட்டருக்கு 3.4 மீட்டர். ரயில்வண்டியின் உணவுப்பெட்டியில் அவ்வளவு சிறிய இடத்தில் எப்படிச் சமைக்கிறார்கள் என்று பார்த்து, ஒரு பெண் ஒரு வேலையிலிருந்து இன்னொரு வேலைக்கு எத்தனை அடி எடுத்து வைக்கிறாள் என்று கணக்கிட்டு அமைத்தார். சன்னலுக்கு நேரே உட்கார்ந்து காய் நறுக்கும் பலகை. நறுக்கிய கழிவைத் தள்ள அதிலேயே ஒரு குழி. சுவரிலிருந்து மடித்து இறக்கும் இஸ்திரிப் பலகை. மூக்கு வைத்த அலுமினிய இழுப்பறைகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றிலும் சர்க்கரை, பருப்பு, அரிசி என்று பெயர் பொறித்திருந்தது. இழுத்து அப்படியே பானையில் சாய்க்கலாம். மாவுக்கு மட்டும் ஓக் மரப்பெட்டி, புழு வராது என்பதற்காக. ஈ அண்டாது என்று நம்பி நீலப்பச்சை வண்ணம் பூசினார்கள்.

இப்படிச் சுமார் 10,000 சமையலறைகள் ஃபிராங்க்ஃபுர்ட்டின் வீடுகளில் வைக்கப்பட்டன. இந்தச் சமையலறை வீட்டோடு சேர்ந்தே வந்தது. செலவை வாடகையில் சேர்த்துக்கொண்டார்கள். கடைக்குப் போய் மரச்சாமான் வாங்க வசதியில்லாத தொழிலாளியின் மனைவிக்கும் முதல் நாளே ஒழுங்கான அடுப்படி வேண்டும் என்று ஒரு நகராட்சி நினைத்திருக்கிறது. அந்த நகரத்திலேயே நூறாண்டு கழித்து வெறும் குழாயை நீட்டிக்கொண்டிருக்கும் அறையை வாடகைக்கு விடுகிறார்கள். சட்டம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் இந்த ஒன்றில் அவர்கள் பின்னோக்கிப் போய்விட்டார்கள் என்றே நினைக்கிறேன். கையில் சேமிப்பு இல்லாமல் வருபவருக்கு அந்த வெற்றறை பெரிய தண்டனை. லிஹோட்ஸ்கி பிறகு நாஜிகளை எதிர்த்த இயக்கத்தில் சேர்ந்தார். 1941இல் கைதாகிப் போர் முடியும்வரை சிறையில் இருந்தார். 2000ஆம் ஆண்டு ஜனவரியில் இறந்தபோது 103 வயது நிறைய ஒரு வாரம்கூட இல்லை. இந்த அம்மையாரைப் பற்றித் தமிழில் யாராவது விரிவாக எழுத வேண்டும்.

மற்ற சாமான்கள் மெல்ல மெல்லச் சேர்ந்தன. மெத்தை ஒன்றுதான் புதிது. புத்தக அலமாரி தெருவிலிருந்து வந்தது. தங்களுக்கு வேண்டாததைத் துடைத்து, இலவசம் என்று எழுதிய தாளை ஒட்டி நடைபாதையில் வைப்பது அங்கே வழக்கம். எடுப்பதில் யாருக்கும் கூச்சமில்லை. மைன் ஆற்றங்கரையில் அருங்காட்சியகங்கள் இருக்கும் சாலையில் ஒன்றுவிட்டு ஒரு சனிக்கிழமை பழம்பொருள் சந்தை கூடும். சட்டியும் தட்டும் அங்கே வாங்கியவை. சாப்பாட்டு மேசை மட்டும் மாடிவீட்டு அத்தையுடையது. அவருடைய கணவர் செய்தது. முதியோர் இல்லத்துக்குப் போகும் முன் எங்களை அழைத்து, அடியில் கணவர் உளியால் செதுக்கியிருந்த ஆண்டைக் காட்டினார்: 1961. விலை கேட்டபோது கோபித்துக்கொண்டார்.

முதல் குளிர்காலத்தில் சன்னலோரச் சுவரில் கறுப்பாகப் பூஞ்சை தெரிந்தது. சோறும் இட்லியும் வேகும் ஆவி குளிர்ந்த சுவரில் தண்ணீராகப் படியும். எவ்வளவு குளிரானாலும் நாளுக்கு இரண்டு மூன்று முறை எல்லாச் சன்னல்களையும் ஐந்து நிமிடம் அகலத் திறந்து வைத்தால் சரியாகிவிடும். ஜெர்மானியர்கள் இதில் மிகக் கண்டிப்பு. அவர்கள் சொல்வது சரி.

மறு கோடையில் அப்பா வந்தார். வந்த மறுநாள் சனிக்கிழமை. படங்கள் மாட்டத் துளையிடும் கருவியை இரவல் வாங்கி வைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை அந்தச் சத்தம் போடக் கூடாது. இரவு பத்திலிருந்து காலை ஆறுவரையும் கூடாது. அதனால் அன்றே முடிக்க வேண்டும். நான் சுவரில் பென்சிலால் குறியிட்டபோது அப்பா எழுந்து வந்து என் கையைப் பிடித்தார்.

"ஓட்டை போடப்போறியாம்மா? ஓனர் கிட்ட கேட்டியா?"

"கேட்க வேண்டாம்ப்பா. படம் மாட்டறதுக்கு எல்லாருக்கும் உரிமை இருக்கு. காலிபண்ணும்போது அடைச்சுக் கொடுத்தா போதும்."

அவர் நம்பவில்லை. எங்கள் எல்லா வீட்டிலும் காலண்டர் சன்னல் கம்பியில்தான் தொங்கியது. தாத்தாவின் படம் அலமாரிமேல் சாய்த்து வைக்கப்பட்டிருக்கும். காற்றில் விழுந்து கண்ணாடி உடைந்து, அப்பா அதை இரண்டு முறை மாற்றியிருக்கிறார். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டில் வேதம். நான் கருவியை அவர் கையில் கொடுத்தேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு வாங்கிக்கொண்டார். தபால் துறையில் முப்பது ஆண்டுக்கு மேல் வேலை பார்த்து, வாழ்நாள் முழுக்க வாடகை கட்டிய மனிதர், எழுபது வயதில் முதன்முறையாக ஒரு வீட்டுச் சுவரில் துளையிட்டார். ஊரிலிருந்து எடுத்து வந்திருந்த தாத்தாவின் படத்தை அவரே மாட்டினார். பிறகு அன்று முழுவதும் அந்த அறையில்தான் உட்கார்ந்திருந்தார்.

அந்த வீட்டை விட்டு நாங்கள் கிளம்பியபோது துளைகளை அடைத்து, சுவருக்கு வண்ணம் பூசி, முதல் நாள் எழுதிய படிவத்தை வைத்துக்கொண்டு அறை அறையாக நடந்தோம். சமையலறையை அடுத்து வந்த எத்தியோப்பியக் குடும்பத்துக்கு விட்டுவிட்டோம். முன்பணம் வட்டியோடு திரும்பி வந்தது.

தமிழ்நாட்டில் வாடகைக்கு வீடு விடும் அன்பர்களிடம் ஒரு வேண்டுகோள். நம் மாநிலத்திலும் 2017இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கும் ஒரு வாடகைச் சட்டம் உண்டு. ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும் என்கிறது அது. மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது என்றும் சொல்கிறது. ஆனால் இருவரும் வேறுவிதமாக ஒப்புக்கொண்டால் அப்படியும் செய்யலாம் என்று ஒரு வழியைத் திறந்து வைத்திருக்கிறது. வீடு கிடைக்காமல் அலைபவர் எதற்கும் ஒப்புக்கொள்வார். அந்த வழியைப் பயன்படுத்தாதீர்கள். மூன்று மாத முன்பணத்தோடு நிறுத்துங்கள். சாவியைக் கொடுக்கும் நாளில் வீட்டின் நிலையை எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். குடிவருபவர் தன் அப்பாவின் படத்தை மாட்ட ஓர் ஆணி அடித்துக்கொள்ளட்டும்.